எங்கள் மோட்டாருக்கு மஞ்சள் காமாலை

ஓய்வு பெற்ற கணவன்மார்களில் சிலர் கோயில் கோயிலாகப் போகிறார்கள். சிலர் ரோஜாப் பதியன் போட்டுவிட்டு, அதற்கு எரு வேண்டுமென்று ஊரெல்லாம் அலைகிறார்கள். இன்னும் சிலர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, முப்பது வருஷமாக நாம் தாளித்து வந்த முறையே தவறு என்று நமக்குப் போதிக்கிறார்கள். என் கணவர் இந்த எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

புதிது என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு வயதான பழைய மோட்டார். சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரலாம். மேல்மூடியை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே ஆகாயம். பெங்களூரில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் 5,75,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். "எஞ்சின் பிரமாதமான கண்டிஷன் சார்" என்று அந்த மனிதர் சொன்னதை, வேதவாக்கியம் போல் வீட்டில் வந்து நாலு தடவை சொன்னார்.

இந்த ஆசை அவருக்கு நேற்று முளைத்தது அல்ல. 1980-களில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்த மோட்டார்ப் பந்தயத்தைப் பார்க்க நண்பர்களோடு போயிருக்கிறார். யுத்த காலத்தில் விமானத்துக்காகப் போட்ட ஓடுதளம் அது. அங்கே எழும்பிய புழுதியையும் சத்தத்தையும் இன்றைக்கும் அவர் வர்ணிக்க ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை வந்துவிட்டது. சோழவரம் பழங்கதையாகிவிட்டது. இவர் மனசு மட்டும் சோழவரத்திலேயே நின்றுவிட்டது.

எங்கள் ஓசூரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது, ரோஜாத் தோட்டமும் குளிர்காற்றும் மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயிலும்தான் இந்த ஊருக்கு அடையாளம் என்று என் அப்பா சொல்லி அனுப்பினார். வந்து பார்த்தால் காலையில் சங்கு ஊதுகிறது. சாரி சாரியாக ஜனங்கள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 1980-ல் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை வந்தது. அதே வருஷத்தில்தான் டி.வி.எஸ். 50 மொபெட்டும் இங்கிருந்து புறப்பட்டது. 1987-ல் டைட்டன் கைக்கடிகாரம். பெரிய ஆலமரங்கள் வந்தால் நிழலில் சின்னச் செடிகள் முளைக்கத்தானே வேண்டும்? லேத் பட்டறை, கிரைண்டிங் பட்டறை, வார்ப்படச் சாலை என்று சந்துக்குச் சந்து முளைத்தன. என் கணவரும் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில்தான் முப்பத்தைந்து வருஷம் இரும்போடு பேசிவிட்டு வந்தார். ஆகவே மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களைத்தான் ஏமாற்ற முடியும் போலிருக்கிறது; தெரியாதவர்கள் பயந்துகொண்டு வாங்காமலே இருந்துவிடுகிறார்கள்.

கார் வந்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பாங்கில் 3,10,000 ரூபாய் டெபாசிட் இருந்தது. அது ஆனி மாதம் முதிர்கிறது. எங்கள் பெண்ணுக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். பின்கட்டில், குளியலறையோடு சேர்ந்தாற்போல், அவளுக்கு ஓர் அறை கட்ட வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டே அறை; ஒன்றில் எண்பத்திரண்டு வயது மாமியார். "அந்த டெபாசிட்டை மட்டும் கார் தொடக்கூடாது" என்றேன். "தொடவே தொடாது" என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னார்.

வைகாசி மாதம் வந்தது. கிருஷ்ணகிரியில் மாம்பழம் மலிந்துவிட்டது என்று கேள்வி. இவரும் நானும் புறப்பட்டோம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். போகும்போது இறக்கம். வழியெல்லாம் கார் கந்தர்வ விமானம் மாதிரி போயிற்று. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? மாம்பழக் கூடையை வைக்கத்தான் இடமில்லை. என் மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. கிருஷ்ணகிரியை விட ஓசூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரியாது; எஞ்சினுக்குத் தெரியும். சூளகிரி நெருங்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே போயிற்று. "முள்ளு ஏறுதுங்க, நிறுத்திப் பாருங்களேன்" என்றேன். அவர் ஓரங்கட்டப் போன சமயம், முள் மளமளவென்று தானே கீழே இறங்கிவிட்டது. "பார்த்தியா, காத்து பட்டதும் ஆறிடுச்சு" என்றார் சந்தோஷமாக.

இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். எஞ்சின் கடகடவென்று கொலுசு கழன்ற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பின்னால் வெள்ளை வெளேரென்று புகை. ஒரு பெருமூச்சோடு வண்டி நின்றுவிட்டது.

இவர் இறங்கி, முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனார். கொத்தமல்லிக் கட்டு ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த மினி லாரிக்கார இளைஞர் ஒருவர், வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "அண்ணா, கை வைக்காதீங்க! மூஞ்சியில அடிச்சிரும்!" என்று கத்தினார். அவருடைய தாயார் நூறு வயது இருக்கட்டும். நம் வீட்டுக் குக்கரை ஆவி அடங்காமல் திறந்தால் என்ன ஆகுமோ, அதேதான் அங்கேயும். உள்ளே இருக்கிற நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திருகிய மாத்திரத்தில் பொங்கிச் சீறும். குறைந்தது அரைமணி நேரமாவது மூடியைத் தொடக்கூடாது.

தேசிய நெடுஞ்சாலையில் இப்படி நின்றுபோனவர்கள் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அந்த எண் என் கைப்பையில் எழுதியிருந்தது. போன் செய்தேன். ரோந்து வண்டி வந்தது, பிறகு கிரேன் வந்தது. கூடையோடு நான் கிரேன் வண்டியின் முன்சீட்டில் ஏறி ஓசூர் வந்து சேர்ந்த காட்சியை எங்கள் தெருவே பார்த்தது.

அதற்கப்புறம்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பமாயிற்று. மறுநாள் முதல் ஆளுக்கு ஆள் வந்து அபிப்பிராயம் சொன்னார்கள். முதலில் வந்த மெக்கானிக், "ஹெட் கேஸ்கட் போயிருக்கு சார். மாத்தினா சரியாயிடும், இருபதாயிரம்" என்றார். பெங்களூரிலிருந்து போனில் பேசிய ஒரு பெரிய பட்டறைக்காரர், "புது எஞ்சின் வெளிநாட்டிலிருந்துதான் வரவேணும், ஏழு லட்சம் ஆகும்" என்றார். கார் விலையை விட எஞ்சின் விலை அதிகம்! மூன்றாவதாக வந்தவர், சிவாஜி நகர்ப் பக்கம் பிரித்த வண்டியின் பழைய எஞ்சின் ஒன்று 1,60,000-க்குக் கிடைக்கும் என்றார். அது எந்த வண்டியிலிருந்து எந்தக் காரணத்தால் கழற்றியது என்று கேட்டால், மேலே பார்த்தார். நாலாவது ஆள் சுற்றிச் சுற்றி வந்து, "இப்படியே கொடுங்க, தொண்ணூறாயிரம் தர்றேன்" என்றார்.

அன்றிரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்து பார்த்தால் பக்கத்தில் இவர் இல்லை. வாசல் திண்ணையில், தார்ப்பாய் போட்ட காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வித்துடலாம்" என்றார். "அம்பத்தொன்பது வயசுல எனக்கு எதுக்கு இந்த விளையாட்டு? குழந்தை வர்ற நேரம்."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் மேலதிகாரி திட்டியபோதுகூட அவர் அப்படிப் பேசியதில்லை. காரை வாங்கக்கூடாது என்று சண்டை போட்டவள் நான்தான். ஆனால் 5,75,000 ரூபாய்ச் சாமானை, என்ன வியாதி என்றே தெரியாமல் 90,000-க்குத் தூக்கிக் கொடுக்க என் கணக்கு நோட்டு சம்மதிக்கவில்லை.

"இருபதாயிரம்னு ஒருத்தர், ஏழு லட்சம்னு ஒருத்தர். ரெண்டு பேருமே எஞ்சினைத் திறந்து பார்க்கலைங்க" என்றேன். "வயித்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத டாக்டர் சொல்ற மருந்தை நாம சாப்பிடுவோமா? முதல்ல திறங்க. அளந்து பாருங்க. அப்புறம் விக்கறதா வேணாமான்னு பேசலாம். ஆனா, அறைப் பணம் அறைக்குத்தான்."

இதற்கு நடுவில் இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் இவற்றுக்குத்தான் பணம். எஞ்சின் தானாகக் கெட்டுப்போனாலோ தேய்ந்துபோனாலோ சல்லிக்காசு கிடையாது. தனிக் கட்டணம் கட்டி எஞ்சின் பாதுகாப்பு என்று ஒன்று சேர்த்துக்கொள்ளலாமாம். அதுவும் பெரும்பாலும் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்தது, எண்ணெய் ஒழுகியது போன்ற விபத்துக்களுக்குத்தான். பழைய எஞ்சினை வாங்கி மாட்டுவது என்றாலும் சும்மா இல்லை. எஞ்சின் நம்பர் பதிவுச் சான்றில் இருக்கிறதே! 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, புது நம்பரைப் பதிய வேண்டும். கர்நாடகப் பதிவிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாற்ற, தடையில்லாச் சான்றுக்காக அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நாங்கள் அலைந்த அலைச்சலே இன்னும் மறக்கவில்லை. யாருடையது என்று தெரியாத எஞ்சினுக்காக மறுபடியும் அந்த யாத்திரையா? வேண்டாம் என்று விட்டோம்.

எஞ்சினை இவரே கழற்றினார். ஒவ்வொரு திருகாணியையும் என் பழைய ஊறுகாய் ஜாடிகளில் போட்டு, சீட்டு ஒட்டி வைத்தார். சமையலறை அலமாரி காலியாயிற்று. ஆனால் தொழிற்சாலை மனிதர் கையில் வேலை வந்தால் முகமே வேறாகிவிடுகிறது. அதைப் பார்த்து ஜாடிகளை மன்னித்தேன். எண்ணெயை வடித்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சின் எண்ணெய் கறுப்பாக இருக்கும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இது பால் அதிகமாகிப்போன காபி மாதிரி இருந்தது. "தண்ணி கலந்துடுச்சு" என்றார்.

கழற்றிய பாகங்களை ஒரு சந்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெரியவர். தெலுங்கு வாடை வீசும் தமிழ். வெற்றிலைச் செல்லம் எப்போதும் பக்கத்தில். ஆனால் அளவு கருவியைக் கையில் எடுத்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் எடுப்பார். எஞ்சினைப் பற்றி எனக்குப் புரிகிறாற்போல் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

எஞ்சினில் கீழே வார்ப்பிரும்புப் பிளாக். மேலே அலுமினிய மூடி, அதாவது ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேஸ்கட். நம் குக்கரிலும் கேஸ்கட் இருக்கிறதே, அதே வேலைதான் இதற்கும். நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலக்காமல் காக்கிறது. சூடு ஏறினால் அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவோடு சூடானால் பாதகமில்லை. மிதமிஞ்சிச் சூடானால் இழுத்துக் கட்டிய மூடி எங்கே விரியும்? வளைந்துவிடும். வளைந்த இடத்தில் கேஸ்கட் எரியும். நீர் எண்ணெயில் இறங்கும். நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

"அப்போ முள்ளு ஏன் ஐயா இறங்கிச்சு?" என்று கேட்டேன். எனக்கு அந்த முள்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த முள்ளு தண்ணியோட சூட்டைக் காட்டறதும்மா. தண்ணி இருந்தாத்தானே காட்டும்? எல்லாம் ஒழுகிப் போயிடுச்சு. வெறும் காத்துல நின்னுக்கிட்டு, சூடு இல்லேன்னு சொல்லியிருக்கு."

எனக்குத் திக்கென்றது. ஜுரக்காரன் வாயில் வைக்க வேண்டிய தர்மாமீட்டரை ஜன்னலில் வைத்துவிட்டு, ஜுரம் இல்லை என்று சந்தோஷப்பட்ட கதை! ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால், அந்த நிமிஷமே எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இனி மஞ்சள் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி ஓரத்தில் நெடுக வெடித்திருந்தது. அதைப் பிரித்ததும் அடியில் வழவழவென்று மஞ்சளும் பழுப்புமாக ஒரு சேறு. மெல்லிய குழாய்கள் பாதிக்கு மேல் அதனால் அடைத்துக் கிடந்தன. பட்டறைப் பையன், "கூலன்ட் சாயம்மா, மஞ்ச கலர்லயும் வரும்" என்றான். இருக்கலாம். ஆனால் அதைத் துடைத்த வெள்ளைத் துணியில் ஒட்டிய கறை எனக்கு மிகவும் பரிச்சயமான கறையாக இருந்தது. என் புடவைத் தலைப்புகளில் பாதிக்கு மேல் அந்தக் கறைதான்!

பெரியவரின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து ஒரு துளி சுண்ணாம்பு வாங்கி அந்தக் கறைமேல் தேய்த்தேன். ஆரத்தித் தட்டுக் கரைத்த கை ஏமாறுமா? மஞ்சள் கறை குங்குமச் சிவப்பாக மாறியது.

"மஞ்சப்பொடி!" என்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் சிரித்தார். பழைய காலத்து லாரி டிரைவர்கள், காட்டு வழியில் ரேடியேட்டர் ஒழுகினால், ஒரு பிடி மஞ்சள்பொடியைக் கொட்டி ஊர் போய்ச் சேருவார்களாம். பொடி ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஊர் வந்ததும் கழுவிவிட்டுப் பற்றவைப்பார்கள். அன்றைய ரேடியேட்டரின் அகலமான குழாய்களுக்கு அது சரி. இன்றைய வண்டிகளின் மெல்லிய குழாய்களுக்கு அது எமன். யாரோ எங்கள் காரில் மஞ்சளைக் கொட்டி, ஒழுகலை நிறுத்தி, துடைத்துப் பளபளப்பாக்கி விற்றிருக்கிறார்கள். அதாவது, "எஞ்சின் பிரமாதம்" என்று சொன்ன அன்றே காருக்கு மஞ்சள் காமாலை இருந்திருக்கிறது.

மோட்டார் வியாதியைப் பெண்பிள்ளை கண்டுபிடிப்பதாவது என்று என் நாத்தனார் கேட்டாள். உலகத்தில் முதல் நீண்ட மோட்டார்ப் பிரயாணம் செய்ததே ஒரு பெண்பிள்ளைதான் என்று அவளுக்குச் சொன்னேன். 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மாள், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித் தாய் வீட்டுக்குப் போனாள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தன் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தாள். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள். தொப்பி ஊசிக்குச் சுண்ணாம்பு என்ன மட்டமா?

அளவு எடுக்கும் நாள் வந்தது. எனக்கு எங்கள் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது. ஹெட்டின் மேல் நேர்ப்பட்டையை வைத்து, அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார் பெரியவர். 0.05 மில்லிமீட்டர் வரை வளைவு இருந்தால் மன்னிக்கலாமாம், இங்கே 0.20. தலைமயிர் மூன்றைச் சேர்த்து வைத்த கனம்தான். அந்த மூன்று மயிரிழைதான் எங்களை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது. ஆனால் ஃபேசிங் போட்டு, அதாவது ஒரு சீவு சீவி, சமப்படுத்திவிடலாம் என்றார். பிறகு துவாரங்களை அடைத்து, காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கினார்கள். கீறல் இருந்தால் குமிழி வரும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

சிலிண்டர்கள் நாலில் இரண்டாவதன் சுவரில் கோடு விழுந்திருந்தது. நாலையும் அரை மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் தப்பித்துவிட்டது; பேரிங் மட்டும் புதிது போடவேண்டும். "எஞ்சின் செத்துப் போகலை சார். மயக்கம் போட்டிருக்கு" என்றார் பெரியவர். இவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய், ஐந்து நிமிஷம் கழித்து வந்தார்.

பிஸ்டன் கிடைக்குமா என்பது அடுத்த கவலை. அபூர்வமான காருக்குப் பாகம் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அது பாதிதான் உண்மை. ஸ்போர்ட்ஸ் கார் என்று பார்க்காமல், உள்ளே இருக்கிற எஞ்சின் யாருடையது என்று பார்க்க வேண்டும். நம் தேசத்தில் சான் நிறுவனத்தார் 1998-ல் சான் ஸ்டார்ம் என்று இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றை வெளியிட்டார்கள். உடம்பு கண்ணாடி இழை, உள்ளே ஓடியது சாதாரணக் குடும்பக் கார்களில் இருக்கும் ரெனோ எஞ்சின். எங்களுடையது அந்தக் கார் இல்லை. ஆனால் சூட்சுமம் அதேதான். எங்கள் காரின் எஞ்சினும் வெளிநாட்டில் சாதுவான ஒரு குடும்பக் காரில் லட்சக்கணக்கில் ஓடியதுதான் என்று இவர் கண்டுபிடித்தார். பிஸ்டனுக்கு எழுதிப் போட்டோம்.

கணக்கு நோட்டைத் திறந்தேன். பிஸ்டன் செட் 38,000. கேஸ்கட் செட் 14,000. பேரிங்குகள் 11,500. புது ரேடியேட்டர் 16,500. பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து 24,000. ஹோஸ், தெர்மோஸ்டாட், எண்ணெய் வகையறா 12,800. சில்லறை 9,200. ஆக 1,26,000 ரூபாய். இருபதாயிரமும் இல்லை, ஏழு லட்சமும் இல்லை.

இப்போது நான் பெங்களூர்க்காரருக்குப் போன் செய்தேன். "ஹளே காடி அம்மா" என்றார் கன்னடத்தில். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று அர்த்தம். பழைய வண்டி என்பது எனக்கும் தெரியும். மஞ்சள் எத்தனை பழசு என்று அவருக்குத்தான் தெரியும் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். ஓசூரில் குடியிருப்பவர்களுக்கு மூன்று பாஷையிலும் சண்டை போட வரும். அவர் போனை வைத்துவிட்டார்.

சகோதரிகள் ஒரு விஷயம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. அதற்கு மேல் போனால் சிறு கட்டணம். குறை இருப்பது தெரிந்தே மறைத்து விற்பது வியாபாரமல்ல. விளம்பரத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, பிரித்த ரேடியேட்டரின் படங்கள், பட்டறைப் பெரியவரின் கையெழுத்திட்ட அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து, வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பினோம். பதினெட்டாம் நாள் அந்த மனிதரே வந்தார். வெகுநேரம் பேரம் நடந்தது. 45,000 ரூபாய் கொடுத்தார். முழுசும் வாங்கியிருக்கலாம் என்று என் தம்பி இன்றைக்கும் சொல்கிறான். வாங்கியிருக்கலாம், ஆனால் வளைகாப்பு வைத்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏற எனக்குத் தெம்பு இல்லை.

மீதி 81,000. டெபாசிட் முதிர்ந்து பணம் கையில் வந்த அன்று நான் எதுவும் சொல்லவில்லை. இவரே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து, பின்கட்டில் கயிறு பிடித்து அளந்தார். காரின் பேச்சை எடுக்கவே இல்லை. மறு வாரம், மாலை வேளையில் தொழிற்கல்வி படித்த பையன்களுக்கு அளவு கருவிகள் பற்றிப் பாடம் சொல்லித்தர ஒரு சின்னப் பட்டறையில் ஒத்துக்கொண்டு வந்தார். மாதம் 9,000 ரூபாய். "ஒன்பது மாசம்" என்றார் விரலை மடக்கி. எங்கள் பெண் கணக்கா, கார் கணக்கா என்று எனக்கு முதலில் புரியவில்லை.

ஒன்பது மாசமும் கார் தார்ப்பாய்க்குள் இருந்தது. மாதா மாதம் ஒரு பாகம் வரும். வந்த பாகத்தை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்குக் கீழே வைப்பார். ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். புது அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனையும் பிள்ளை வாசனையும் சேர்ந்து வீசின. இரவில் குழந்தை அழுதால் இவர் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பிஸ்டன் எப்படி மேலும் கீழும் போகும் என்று விளக்குவார். அவளும் தூங்கிவிடுவாள், அதில் அவளுக்கு என்ன புரிந்ததோ.

பங்குனியில் ஒரு நாள் காலை எஞ்சினைக் கிளப்பினார். பட்டறைப் பெரியவரும் வந்திருந்தார். முதல் தடவை உறுமிவிட்டு அடங்கியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, செல்லத்தைத் திறந்து வெற்றிலை போட்டார். அதுதான் அவருடைய சர்டிபிகேட்.

புதுப் பிஸ்டன் போட்ட எஞ்சினைப் புது மருமகள் மாதிரி நடத்த வேண்டுமாம். முதல் 500 கிலோமீட்டர் வேகம் கூடாது, ஒரே சீராகவும் ஓட்டக்கூடாது, மேட்டில் திணறவிடக் கூடாது. அப்புறம் எண்ணெயை மாற்ற வேண்டும். தினமும் காலையில் எண்ணெய்க் குச்சியை உருவி என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். நிறம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும். ஐந்நூறு முடிந்து எண்ணெயை வடித்தபோது, கறுப்பாகத்தான் வந்தது. பால் கலக்கவில்லை.

பின்பெட்டியில் இப்போது ஐந்து லிட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. சூடு காட்டும் முள்ளைப் பார்க்கிற உத்தியோகம் என்னுடையது.

போன வெள்ளிக்கிழமை மாமியார், "எல்லாரும் ஏறியாச்சு, என்னை யாரும் கூப்பிடலையே" என்றார். சந்திரசூடேசுவரர் மலைக்கு வண்டி போகப் பாதை இருக்கிறது. காதை மூடி மப்ளர் கட்டி, இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தோம். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். முக்கால் மணி நேரத்தில் விபூதியோடு திரும்பி வந்தார்கள்.

"எப்படி இருந்தது அத்தை?" என்று கேட்டேன்.

"ஓட்டம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இவ்வளவு காசு செலவு பண்ணினவன், கொஞ்சம் உசரமா ஒரு வண்டி வாங்கியிருக்கப்படாதோ? தரையில உட்கார்ந்து போற மாதிரி இருக்கு. கையைக் குடு, எழுந்திருக்கணும்."